வைத்திலிங்கம் வீட்டுக் குலச்சின்னம்

ரொறன்ரோ விமான நிலையத்தில் என் தம்பி யோகநாதன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். பத்து வருசத்துக்கு மேல் காணாத அக்காவைக் கண்ட அழுகை என்று நினைத்து நானும் அழுதேன். பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தள்ளத் தொடங்கியதும் காதுக்குள் சொன்னான்: "அக்கா, ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு. எங்கட குலச்சின்னத்தை நீங்கள் கொண்டு வாறியள் எண்டு சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிப்போட்டன்."

என் பெட்டிக்குள் இருந்தவை அவனுடைய மகள் சுகன்யாவின் கலியாணக் கூறைச்சேலை, தாலிக்கொடி, ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடை, பிறகு வெள்ளவத்தையில் நானே வறுத்து இடிப்பித்த மிளகாய்த்தூள். மிளகாய்த்தூளைச் சுங்க அதிகாரி மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு, தும்மல் நிற்காத நிலையில் என்னைக் கையசைத்துப் போகச் சொல்லியிருந்தார். குலச்சின்னம் என்று ஒன்று அதற்குள் இல்லை. அப்படியொரு சாமான் உலகத்தில் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

காரில் போகும்போது விளக்கினான். சுகன்யா கட்டப் போகிற டேவிட்டின் ஆட்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் ஒரு கேடயப் படம் இருக்கிறது. கேடயத்தின் நடுவில் ஒரு காளைத் தலை, மேலே இரும்புத் தொப்பி, அதற்கு மேலே இறகு, கீழே ஒருவருக்கும் விளங்காத லத்தீன் வாசகம். கணப்படுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். கோப்பையில் இருக்கிறது, கரண்டிக் காம்பில் இருக்கிறது, டேவிட்டின் தகப்பனுடைய கழுத்துப்பட்டியிலும் இருக்கிறது. கலியாண மண்டபத்தில் இரண்டு வீட்டுக் கேடயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பெரிய சீலையாகத் தொங்கவிடுவது தங்கள் வழக்கம் என்றும், உங்களுடையதை அனுப்புங்கள் என்றும் அவர் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். இல்லை என்ற சொல் எங்கள் ஆட்களின் வாயில் இலேசில் வராது. அதுவும் சம்பந்தியிடம் வரவே வராது.

நீ அவிழ்த்த பொய்யை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று ஏசினேன். பயணக் களைப்பும் சேர்ந்து நன்றாகவே ஏசினேன். அவன் சாலையைப் பார்த்தபடி ஓட்டினான்.

"அக்கா, நான் இஞ்ச வரேக்க என்ர கையில ஒரு பிளாஸ்டிக் பைதான் இருந்தது. அது எனக்குப் பறவாயில்லை. ஆனா என்ர பிள்ளை ஒண்டுமில்லாத வீட்டில இருந்து வந்தவள் எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது," என்றான்.

அதற்குமேல் எனக்கு ஏச வரவில்லை. கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

அவர்கள் இருந்தது மல்வேர்னில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்று. காலையில் என் மச்சாள் பவளம் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் தந்தாள். கத்தரிக்காய் பார்வைக்கு ஒரு குழந்தையின் தலையளவு இருந்தது, வாயில் வைத்தால் பஞ்சு. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. வெள்ளவத்தையில் அந்த நேரத்துக்கு மீன்காரன், ரயில், பக்கத்து வீட்டு வானொலி, சோதனைச் சாவடியில் நிற்கும் பஸ்களின் ஹோர்ன் என்று காது நிறைந்திருக்கும். இங்கே யாரோ செத்த வீட்டில் விடிந்த மாதிரி இருந்தது.

அன்றைக்குத் தம்பி என்னை ஸ்காபரோவில் ஒரு பெரிய அங்காடிக்குக் கூட்டிப் போனான். வாசலில் சீருடையோடு ஒரு காவலாளி நின்றார். என் கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டது. கொழும்பில் சீருடையைக் கண்டால் எங்கள் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. மனிதர் அட்டையை வாங்கி என் படத்தைப் பார்த்து, நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தார். தம்பி என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

சப்பாத்துக் கடைக்கும் கறுவாப் பணிஸ் கடைக்கும் நடுவில், நடைபாதையிலேயே ஒரு பெட்டிக்கடை. உங்கள் குடும்பப் பெயரின் குலச்சின்னம், உடனுக்குடன், சட்டம் போட்டுத் தரப்படும் என்று பலகை தொங்கியது. கடைக்காரர் கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சத்து மனிதர். வாய் நிறையச் சிரிப்பு. தம்பியின் குடும்பப் பெயரைக் கேட்டுக் கம்பியூட்டரில் தட்டினார்.

இந்த இடத்தில் எங்கள் பெயர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று, அதற்கு முன்னால் தகப்பனின் பெயர். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அவனுடைய பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் போய் நிற்கும், பாட்டன் கழன்றுவிடுவார். தலைமுறை தலைமுறையாக ஓடுகிற குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. கனடாவுக்கு இது பிடிபடவில்லை. வந்து இறங்கிய அன்றே எங்கள் ஐயாவின் பெயரான வைத்திலிங்கம் என்பதை எடுத்துக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். தம்பி மிஸ்டர் வைத்திலிங்கம். பவளம் மிஸிஸ் வைத்திலிங்கம், அதாவது தன் மாமனாருக்கே மனைவி. பக்கத்து ஊருக்குப் போவதென்றாலே முகம் சுளித்த எங்கள் ஐயா, செத்துப் பல வருசத்துக்குப் பிறகு, கனடாவில் கார்ப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், வரி கட்டுகிறார், வாசலில் பனி வழிக்கிறார்.

ஐயாவைக் கம்பியூட்டருக்குத் தெரிந்திருக்கவில்லை. கடைக்காரர் மனம் தளரவில்லை. இல்லாதவர்களுக்குப் புதிதாகச் செய்து தரும் திட்டமும் உண்டு என்று ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் போட்டார். அதில் பக்கம் பக்கமாக மிருகங்கள், பறவைகள், மரங்கள், ஆயுதங்கள். தன்னுடைய பூட்டனும் கப்பலில் வரும்போது ஒற்றைப் பெயரோடுதான் வந்தாராம். இறங்கின இடத்தில் அது குடும்பப் பெயராகிவிட்டது. இப்போது தங்கள் வீட்டுக் கேடயத்தில் இரண்டு டொல்பின்கள் இருப்பதாகவும் பூட்டன் கடலைப் பார்த்தது அந்த ஒரு தரம்தான் என்றும் சொன்னார்.

அன்று பின்னேரம் மிருகம் தெரிவு செய்யக் கூட்டம் நடந்தது. பவளத்தின் தமையன் சதாசிவம் அஜின்கோர்ட்டிலிருந்து வந்திருந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர், எதையும் சந்தேகத்தோடு பார்ப்பவர். தேத்தண்ணீரும் நான் கொண்டுவந்த வடையும் நடுவில் இருந்தன.

முதல் பக்கம் முழுக்கச் சிங்கம். நிற்கிற சிங்கம், படுத்த சிங்கம், நாக்கை நீட்டின சிங்கம். சதாசிவம் அண்ணை வடையை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்த பார்வையிலேயே அந்தப் பக்கம் புரண்டது. சிங்கத்தோடு ஒரு கொடியின் கீழ் வாழ முடியாமல்தானே இவ்வளவு பேரும் இங்கே பனியில் நிற்கிறார்கள். அடுத்த பக்கத்தில் புலி. "உது வேண்டாம்," என்றார். "உதை வைச்சா ரெண்டு பகுதி ஆக்கள் தேடி வருவினம். ஒரு பகுதி விசாரிக்க, மற்றப் பகுதி வாழ்த்த. ரெண்டும் கலியாண வீட்டுக்குக் கூடாது."

யானை ஒரு கட்சியின் சின்னம். சூரியன் இன்னொரு கட்சி. கை ஒரு கட்சி, கதிரை ஒரு கட்சி. சைக்கிள் அந்தப் புத்தகத்தில் இல்லை, இருந்தாலும் அதுவும் கட்சிதான். எங்கள் நாட்டில் தேர்தல் வைத்து வைத்து, கடவுள் படைத்ததையும் மனிதன் படைத்ததையும் வாக்குச்சீட்டில் அச்சடித்து முடித்துவிட்டார்கள். மயிலைத் தம்பி ஆசையோடு பார்த்தான். அது இந்தியாவின் பறவை, அமைதி காக்க வந்தவர்களை எங்கள் ஆட்கள் இன்னும் மறக்கவில்லை என்று சதாசிவம் அண்ணை சொன்னார். முருகனின் வாகனத்தைச் சாராயம் குடிக்கிற மண்டபத்தில் தொங்கவிட முடியாது என்று பவளம் சொன்னாள். நந்திக்கும் அதே தீர்ப்பு.

மீன் வந்தபோது எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். பனைமரம் வந்தபோதும் அப்படித்தான். குடம், கத்தி, ஏணி, எதைத் தொட்டாலும் அது யாரோ ஒரு பகுதியின் தொழிலாக இருந்தது. பார்க்கிற சனம் எங்களை அவர்கள் என்று நினைத்துவிடுமாம். ஸ்கொட்லாந்துக்காரனுக்கு உங்கள் சாதி தெரியவா போகிறது என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பையோடு வந்தவர்கள் இதை மட்டும் எந்தப் பைக்குள் வைத்துக் கொண்டு வந்தார்கள் என்று தெரியவில்லை. பக்கம் மட்டும் புரண்டது.

கடைசியில் மிஞ்சியது ஆடு. கிடாய் ஆடு, முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பின்னங்காலில் எழுந்து நின்றது. ஆட்டுக்கு இலங்கையில் கட்சி இல்லை. ஆட்டை எல்லாரும் வளர்ப்பார்கள், எல்லாரும் தின்பார்கள். சதாசிவம் அண்ணைகூட நெடுநேரம் யோசித்துப் பார்த்து ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாமல் தலையாட்டினார்.

மறுநாள் தம்பிக்கு வேலை. நான் தனியே பஸ் எடுத்துப் போய் ஆட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். வெறும் கேடயத்தில் ஆடு தனித்து நிற்பது எடுப்பாக இராது என்று கடைக்காரர் கவலைப்பட்டார். பின்னுக்குக் குறுக்கும் மறுக்குமாகக் கோடு போட்ட ஒரு கோலம் காட்டினார், கோட்டைக் கதவு மாதிரி இருந்தது. மேல் விளிம்பில் பச்சை இலை மாலை ஒன்று இனாமாகத் தருவதாகச் சொன்னார். படங்கள் எல்லாம் தீப்பெட்டியளவு. சரி என்று சொல்லிவிட்டேன். செய்து முடித்ததும் கடைப் பெயர் போடாமல் நேரே சம்பந்தி வீட்டுக்கே அனுப்பிவிடுவாராம்.

திரும்பி வரும்போதுதான் பஸ் பிழைத்தது. எங்கள் நாட்டில் வாகனம் இடதுபக்கம் ஓடும். நான் அந்தக் கணக்கில் தெருவின் எந்தப் பக்கம் நிற்க வேண்டுமோ அந்தப் பக்கம் நின்றேன். பஸ் என்னை மல்வேர்னுக்கு எதிர்த்திசையில் கொண்டு போனது. பக்கத்தில் இருந்த ஜமேக்காக்காரப் பெண் மடியில் கேக் பெட்டியை வைத்துக்கொண்டு தன் மகனுடைய இரண்டாவது மனைவியைப் பற்றி முழுவதும் சொன்னாள். அந்த மருமகளில் எனக்கும் கோபம் வந்திருந்த நேரம் பஸ் கடைசித் தரிப்பில் நின்று, எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

சாரதி திரும்பி என்னைப் பார்த்தான். நாற்பது வயதிருக்கும். "அக்கா, நீங்கள் வைத்திலிங்கத்தாற்ற மகளெல்லோ?" என்று தமிழில் கேட்டான். என் மூக்கை வைத்துக் கண்டுபிடித்தானாம். எங்கள் வீட்டு மூக்கு அப்படிப்பட்டதுதான். தன் பெயர் தேவராசா, கந்தப்புவின் மகன் என்று சொன்னான்.

கந்தப்பு எங்கள் பக்கத்து வளவு. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி, அந்த வேலியில் ஒரு வழக்கு. நான் கலியாணம் செய்து கொழும்புக்குப் போன பிறகும் நடந்துகொண்டிருந்த வழக்கு. அந்த வீட்டு ஆட்கள் எதிரே வந்தால் நாங்கள் தெருவின் மறுபக்கம் மாறி நடப்போம். இப்போது அந்த வீட்டுப் பிள்ளை ஓட்டும் பஸ்ஸில், அவன் சொன்னபடி முன் இருக்கையில் இருந்து, வந்த வழியே திரும்பினேன். சுகன்யாவின் கலியாணக் காட் தனக்கும் வந்ததாகவும், தான் வருவதாகவும் சொன்னான்.

தம்பியிடம் சொன்னபோது அவன் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். ஊர்ச் சனம் எல்லாருக்கும் அனுப்பினபடியால் தேவராசாவுக்கும் காட் போயிருக்கிறது. வரமாட்டான் என்ற நம்பிக்கையில் போனது. "எங்களிட்ட என்ன இருந்தது, என்ன இல்லை எண்டு அவனுக்கு நல்லாத் தெரியும். மண்டபத்தில வாயைத் திறந்தான் எண்டா நான் முடிஞ்சன்," என்றான்.

அடுத்த நாள் யூனியன்வில்லில் சம்பந்தி வீட்டில் இரவுச் சாப்பாடு. பழைய செங்கல் வீடு, பூந்தோட்டம், உள்ளே எங்கு திரும்பினாலும் காளைத் தலை. அவித்த உருளைக்கிழங்கு, குளிர்ந்த மீன், வெண்ணெய் தடவின பாண். எல்லாமே மென்மையான சாப்பாடு, எல்லோருமே மென்மையாகப் பேசினார்கள். நான் கொடுத்த மிளகாய்த்தூளை டேவிட்டின் தாய் ஒரு பூச்சாடிக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தாள்.

டேவிட்டின் பெரிய பாட்டன் அங்கஸ் என்பவர் மேசைத் தலைப்பில் இருந்தார். மிக வயதானவர், கேடய விசயத்தில் பைத்தியம் என்று சுகன்யா முன்னரே எச்சரித்திருந்தாள். அங்காடிகளில் குடும்பப் பெயரைக் கேட்டுச் சின்னம் விற்பதெல்லாம் சுத்த ஏமாற்று என்று அவர் சொன்னபோது தம்பிக்கு மீன் தொண்டையில் சிக்கியது. பெயருக்குச் சின்னம் கிடையாதாம். ஒரு மனிதன் ஏதோ ஒரு காரியம் செய்திருப்பான், அதற்காக அவனுக்கென்று கொடுக்கப்படுவதுதான் சின்னமாம். மகனுக்கு வேண்டுமென்றால் அதில் ஒரு வித்தியாசம் காட்ட வேண்டுமாம். பிறகு கத்தியையும் முள்ளையும் ஒழுங்காக வைத்துவிட்டுக் கேட்டார்: உங்கள் சின்னத்துக்கு உரியவர் யார், அவர் என்ன செய்தார்?

எங்கள் தகப்பனார் வைத்திலிங்கம் என்று தம்பி சொன்னான். அது பெரிய கதை, கலியாண மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றும் சொன்னான். கிழவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தன்னுடைய பேச்சுக்குப் பிறகு உன்னுடைய பேச்சு என்று கையைப் பிடித்து உறுதி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தம்பி ஒரு பேச்சுத் தயாரித்தான். அதில் ஐயாவுடைய முப்பாட்டனார் ஒருவர் யாழ்ப்பாண அரசனுக்குத் தளபதியாக இருந்தார். மலைப்பாதையில் வழி தெரியாமல் நின்ற படைக்கு ஒரு காட்டாடு வழிகாட்டியது. யாழ்ப்பாணத்தில் மலை ஏது என்று கேட்டேன். அங்கஸுக்கு அது தெரியாது என்றான். கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினான். பாவமாக இருந்தது.

கலியாணத்துக்கு முதல்நாள் மண்டபம் பார்க்கப் போனோம். சம்பந்தி ஆட்கள் சீலையை ஏற்கெனவே தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுச் சுவரளவு இருந்தது. இடதுபக்கம் காளை. வலதுபக்கம் எங்களுடையது.

தீப்பெட்டியளவில் கோட்டைக் கதவாக இருந்தது, அந்த அளவில் அச்சொட்டாகக் கிடுகு வேலி. குறுக்கும் மறுக்கும் பின்னிய தென்னோலைக் கிடுகு. மேல் விளிம்பில் இனாமாகக் கிடைத்த இலைமாலை, வேலிக்கு நட்ட கதியாலில் தழைத்த பூவரசங்குழை. அந்தக் குழையை எட்டிப் பிடிக்கப் பின்னங்காலில் எழுந்து நிற்கிறது ஒரு கிடாய். அது எங்கள் வளவு வேலியேதான். ஆடு என்றபோதே உனக்கு நினைவு வரவில்லையா என்று கேட்கலாம். புத்தகத்தில் இருந்த ஆட்டுக்கு முறுக்குக் கொம்பும் பொன் குளம்பும் பாதிரியார் தாடியும் இருந்தன. எங்கள் வழக்கைத் தொடக்கிய ஆடு அது என்று யார் நினைப்பார்கள்.

கந்தப்புவின் கிடாய் எங்கள் வேலிக் குழையைத் தின்றது. ஐயா அதைப் பிடித்து எங்கள் வளவில் கட்டினார். என் குழையைத் தின்று கொழுத்தது என் ஆடு என்றார். கந்தப்பு ஆட்டைக் கேட்டு வழக்குப் போட்டார். ஐயா, வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டான் என்று எதிர்வழக்குப் போட்டார். ஆடு கிழண்டு செத்தது. வழக்குச் சாகவில்லை. எங்கள் தோட்டக்காணி வழக்குப் பேசிய அப்புக்காத்துமாருக்குப் போனது, அவர்களுடைய வயலும் அப்படியே போனது. ஆடு யாருடையது என்று தீர்ப்பு வருவதற்குள் சண்டை வந்து நீதிமன்றமே மூடிவிட்டது. ஐயா கடைசி மூச்சு வரை ஆடு தன்னுடையது என்றே சொல்லிச் செத்தார்.

தம்பியும் கண்டுவிட்டான். ஒரு கதிரையில் இருந்துவிட்டான். ஆட்டின் மேல் பூமாலை போடலாமா என்று பவளம் கேட்டாள். மாலை போட்டால் வெட்டப்போகிற ஆடு மாதிரி இருக்கும் என்று நான் சொன்னேன். சீலையைக் கழற்றச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் அதன் அடியில் நின்று அங்கஸ் கண்கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் கோயிலில் தாலி கட்டு நன்றாக நடந்தது. டேவிட்டின் வேட்டிக்கு மேல் இடுப்புப்பட்டி கட்டியிருந்தார்கள். அங்கஸ் தங்கள் கட்டம் போட்ட பாவாடையில் வந்திருந்தார். பின்னேரம் மண்டபத்தில் எங்கள் ஊர்ச் சனம் வரத் தொடங்கியது. வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், வருவார்கள், சீலையைப் பார்ப்பார்கள், நிற்பார்கள். பிறகு மெல்லப் பக்கத்தில் நிற்பவரின் காதைத் தேடுவார்கள். மேசைக்கு மேசை அது போவது எனக்குத் தெரிந்தது. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தம்பி கோட்டுப் பையில் பேச்சுத் தாளைப் பிடித்தபடி வாசலில் நின்று எல்லோருக்கும் கைகூப்பினான்.

தேவராசா வந்தான். சீலையைப் பார்த்தான். சிரிக்கவில்லை. கடைசி மேசையில் போய் இருந்து, முன்னால் இருந்த சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். கோபம் உள்ள வீட்டுக் கலியாணத்துக்கு ஊரில் அப்படித்தான் போவார்கள். போகாமல் விடுவது மரியாதையில்லை. போனாலும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசைக்கு வந்தன. அவன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

அங்கஸ் எழுந்து காளையின் கதையைச் சொன்னார். தங்கள் மூதாதை ஒருவன் ஒரே ஆளாக ஒரு காளையைக் கொம்பில் பிடித்து அடக்கியதாகவும் அதற்கு அரசன் கேடயம் கொடுத்ததாகவும் சொன்னார். கைதட்டினார்கள். பிறகு ஒலிவாங்கியைத் தம்பியிடம் கொடுத்தார்.

தம்பி தாளை விரித்தான். யாழ்ப்பாணத்து அரசன் என்று தொடங்கினான். எங்கள் சனத்தின் பக்கம் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். இருநூறு முகங்களுக்கும் உண்மை தெரியும். தெரியாதது மூன்று மேசைக்குத்தான். அவன் கண் கடைசி மேசைக்குப் போய், பிறகு மகளிடம் வந்தது. சுகன்யா அவனைப் பார்த்து, "இட்ஸ் ஓகே அப்பா, உண்மையையே சொல்லுங்கோ," என்றாள்.

தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். எங்கள் தகப்பனுக்கு அரசன் ஒன்றும் கொடுக்கவில்லை. அவரிடம் ஒரு வேலி இருந்தது. பக்கத்து வீட்டு ஆடு அதில் குழை தின்றது. அதற்காக வாழ்க்கை முழுக்க வழக்காடினார். காணி போனது, தோட்டம் போனது, கடைசியில் வேலியும் போய்விட்டது. நானே அந்த ஊரில் இல்லை. இவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சரித்திரம். நான் பொய் சொன்னேன், மன்னியுங்கள்.

அங்கஸ் கையைத் தட்டத் தொடங்கினார். தங்கள் காளையையும் ஒருவரும் அடக்கவில்லை, அது பக்கத்து ஊர்க் காளை, இரவில் களவெடுத்தது என்று உரக்கச் சொன்னார். அதை முன்னூறு வருசமாகத் தங்கள் வீட்டில் ஒருவரும் வெளியே சொன்னதில்லையாம். டேவிட்டின் தகப்பன் கழுத்துப்பட்டியைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக வெடித்தது. தம்பியின் முகத்தில் உயிர் வந்தது.

அப்போது கடைசி மேசையில் தேவராசா எழுந்து நின்றான்.

"யோகண்ணை, எல்லாம் சரியாத்தான் சொன்னியள். ஒண்டு மட்டும் நான் சொல்ல வேணும்," என்றான். "அந்த ஆடு எங்கட."

சிரிப்பு நின்றுவிட்டது. சுகன்யா மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். சின்னத்துக்கே உரிமை கேட்கிறான் என்று விளங்கியதும் அங்கஸ் முதுகை நேராக்கிக்கொண்டு இருந்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. அது ஐயா வழக்குக்கு வெளிக்கிடும்போது பார்த்த மூக்கு. இந்த ஒரு வார்த்தையை ஒப்புக்கொள்ள மறுத்துத்தான் அவர் தோட்டக்காணியை விற்றார். முடிந்தது, வழக்கு இனிக் கனடாவிலும் தொடங்கப் போகிறது என்று நினைத்தேன்.

தம்பி ஒலிவாங்கியை மேசையில் வைத்தான். மேசைகளுக்கு நடுவால் நடந்து கடைசி மேசைக்குப் போனான். கவிழ்த்திருந்த கோப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்தான். சோறு போட்டான். கறிச்சட்டியைக் கிட்ட இழுத்து, எலும்பில்லாத துண்டாகப் பார்த்து அகப்பையால் எடுத்து வைத்தான்.

"ஓம், உங்கட ஆடுதான்," என்றான். "சாப்பிடு."

தேவராசா கோப்பையைப் பார்த்தபடி நின்றான். பிறகு கதிரையை இழுத்து இருந்து, கோட்டுக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, கையை நனைத்தான்.